வாடை இல்லாத நாள்

அவளுக்கு மணம் தெரியாமல் போய்ச் சரியாகப் பத்தொன்பது நாட்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் குளித்துவிட்டு வேலைக்குப் போனாள். மசாஜ் நிலையத்தின் அலமாரியைத் திறந்து, லாவண்டர் புட்டியை மூக்கருகே கொண்டுபோனாள். தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது. எண்ணெய் பழசாகிவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றியது. எலுமிச்சையைத் திறந்தாள், புதினாவைத் திறந்தாள். யூகலிப்டஸ் கண்ணைக் கரித்தது, அவ்வளவுதான். கடைசியில் கழிவறைக்குப் போய்ப் பினாயில் டப்பாவுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தாள். அதுவும் கைவிட்டது.

டாக்டர் விளக்கு அடித்து மூக்குக்குள் பார்த்தார்.

"காய்ச்சலுக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி ஆகும். கவலைப்படாதீங்க. சிலருக்கு ஒரு மாசத்துல திரும்பும், சிலருக்கு வருஷம் ஆகும்."

"திரும்பாமலே போகுமா?"

"ரொம்ப அபூர்வமா. என்ன வேலை பாக்குறீங்க?"

சொன்னாள். அதற்குப் பிறகு அவர் கவலைப்படாதீங்க என்று சொல்லவில்லை.

நிலையத்தில் அவளுக்குப் பெயரே மூக்கு. எந்தப் புட்டி கெட்டுவிட்டது, எதில் மலிவான எண்ணெய் கலந்து அனுப்பியிருக்கிறார்கள், எந்த வாடிக்கையாளருக்கு எது தலைவலி தரும் என்பதெல்லாம் அவள் மூக்கில்தான் இருந்தது. வரவேற்பறைச் சுவரில் மேடம் ஒரு பெரிய தாளை ஒட்டியிருந்தாள். உடம்பை நீவிவிட்டால் இரத்த ஓட்டம் சீராகும், இறுகிய தசை தளரும், நல்ல தூக்கம் வரும், நறுமண எண்ணெய் மனக்கவலையைக் குறைக்கும் என்று அதில் இருக்கும். அடியில் 'தீராத நோயும் தீரும்' என்று ஒரு வரி இருந்தது. அவள் கேட்டுக் கேட்டு அதை அடிக்க வைத்தாள்.

"உன் நேர்மையை வெச்சுக்கிட்டு நான் கடையை நடத்தின மாதிரிதான்" என்று மேடம் முனகிக்கொண்டே கறுப்பு மையால் அடித்தாள்.

இந்தப் பத்தொன்பது நாளும் அவள் புட்டிகளின் மேல் ஒட்டிய பெயரைப் படித்தும் சொட்டுகளை எண்ணியும் காலம் தள்ளினாள். "மூக்கு, இதைக் கொஞ்சம் பாரு" என்று யாராவது புட்டியை நீட்டினால், முகர்வது போல் மூடியைத் தூக்கி, பக்கவாட்டில் அச்சடித்த தேதியைப் படித்துக்கொள்வாள். கூட வேலை செய்யும் நெட்டை ஒருநாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மூக்கு, எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னே சொல்ற? முன்னாடியெல்லாம் பத்துல மூணைத் தூக்கிப் போடுவியே. காய்ச்சல் வந்து நல்லவளாயிட்டியா?"

"நல்ல சரக்கா வருதுடி."

வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது. ஆனால் அவள் வாயைக் கட்டிப்போட்டது அதுவல்ல, அக்கா.

அக்கா வீடு நிலையத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில். அக்காவுக்கு மார்பில் புற்றுநோய். அது தோலை உடைத்துக்கொண்டு வெளியே வந்து புண்ணாகிவிட்டது. ஆறாத புண். மருத்துவமனையில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை நர்ஸ் வந்து கட்டு மாற்றுவார். மற்ற நாட்களில் மாமா மாற்றுவார். மாலையானால் தங்கை போய்க் கைகால் நீவிவிடுவாள்.

அழுத்த மாட்டாள். பூனைக்குட்டியைத் தடவுகிற அளவுக்குத்தான் கை படும். பாதாம் எண்ணெயில் லாவண்டர் சில சொட்டு விட்டு, உள்ளங்காலில் ஆரம்பித்து முழங்காலோடு நிறுத்துவாள்; பிறகு விரல் விரலாகக் கைகள். புண் பக்கம் போகவே மாட்டாள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் தோள் தானாக இறங்கும், மூச்சு நீளும். அப்படித் தூங்கும் இரண்டு மணி நேரம் மாத்திரை கொடுக்காத தூக்கம் என்று அக்காவே சொல்லுவாள்.

அந்த அறைக்கதவு எப்போதும் சாத்தியிருக்கும். அது அக்கா போட்ட சட்டம்.

இரண்டு மாதத்துக்கு முன்னால்வரை கதவு திறந்துதான் இருந்தது. குட்டி, அக்காவின் மகள், எட்டு வயது, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவின் கட்டிலில்தான் விழுவாள். ஒருநாள் வந்தவள் வாசலிலேயே நின்று, "அம்மா, இங்க ஏதோ செத்துக் கிடக்கு. எலியா இருக்கும்" என்றாள். கட்டிலுக்கு அடியில் புகுந்து தேடினாள். அக்காவும் எலிதான் என்று நம்பி, தலையைத் தொங்கப்போட்டுக் கீழே எட்டிப் பார்த்தாள். இருவரும் சேர்ந்து மூலை மூலையாகத் தேடினார்கள். எங்கும் எலி இல்லை. தேடுகிறவள் தன் பக்கம் நெருங்க நெருங்க மூக்கைப் பொத்துவதைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு விளங்கியது.

அன்றைக்குச் சாத்திய கதவு.

"எனக்கு என் வாடை தெரியலடி" என்றாள் அக்கா, அடுத்த நாள். "எந்நேரமும் கூடவே இருந்தா மூக்கு மரத்துப் போயிடும்னு நீதானே சொல்லியிருக்க. அதனால இனிமே உன் மூக்குதான் எனக்கு மூக்கு. நீ இல்லைன்னு சொல்ற அன்னைக்குத்தான் குட்டி உள்ள வரணும்."

"மாமாவும் இருக்காரே."

"உங்க மாமா பொணத்துக்குப் பக்கத்துல படுத்துக்கிட்டு மல்லிகை வாசனைன்னு சொல்ற ஆளு. அவரு மூக்கு எனக்கு வேணாம்."

மாமா அதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனார்.

மசாஜ் பயிற்சி வகுப்பில் தங்கை படித்தது ஒன்று உண்டு. முகம் மறக்கும், குரல் மறக்கும், ஒரு வாசனையோடு ஒட்டிக்கொண்ட நினைவு மட்டும் கடைசிவரை போகாது. அதை எப்போதோ பெருமையாக அக்காவிடம் சொல்லியிருந்தாள். சொன்னதற்காக இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"குட்டி பெரியவளானப்புறம் அம்மான்னா அவளுக்கு இந்த வாடைதான் ஞாபகம் வரும்னா, அதுக்கு அவ என்னைப் பாக்காமலே இருக்கட்டும்" என்றாள் அக்கா.

காய்ச்சல் வரும்வரை தங்கை ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. உள்ளே நுழைந்ததும் கண்ணை மூடி மூச்சை இழுப்பாள். "இருக்குக்கா" என்பாள். அக்கா தலையாட்டுவாள். கட்டுக்கு மேல் வாடையை உறிஞ்சக் கரித்தூள் வைத்த பஞ்சு போட்டார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். எலுமிச்சை எண்ணெயை நீரில் விட்டு மூலையில் ஆவியாக்கினார்கள். "குறைஞ்சிருக்கு, ஆனா இருக்குக்கா." அக்கா மறுபடி தலையாட்டுவாள். அந்த 'இருக்கு' அக்காவை நோகடித்ததே இல்லை. எல்லோரும் தேனில் குழைத்துப் பேசுகிற வீட்டில், கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கு அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது.

குட்டியும் அம்மாவும் கதவு வழியாகப் பேசிக்கொண்டார்கள். குட்டி வெளியே முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்துகொள்வாள்.

"அம்மா, சாப்பிட்டுட்டேன்."

"பொய். தட்டுச் சத்தமே கேக்கல."

"கையில வெச்சுச் சாப்பிட்டேன்."

"கையில வெச்சு சோறு சாப்பிட்ட மொத ஆளு நீதான். போ, போட்டுச் சாப்பிடு."

"கதவைத் திறந்தா சாப்பிடுறேன்."

கதவு திறக்காது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டுச் சத்தம் கேட்கும்.

காய்ச்சல் முடிந்து வந்த முதல் நாள், அவள் வழக்கம்போல் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். காற்று உள்ளே போனது, வெளியே வந்தது. அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேசா இருக்குக்கா" என்றாள்.

வேறு என்ன சொல்வது? இருந்து, இல்லை என்று சொல்லிவிட்டால் குட்டி உள்ளே வந்துவிடுவாள். இல்லாமலிருந்து, இருக்கு என்று சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். மூக்கு அதற்குள் வந்துவிடும். இப்படித்தான் கணக்குப் போட்டாள். மறுநாளும் லேசா இருக்கு என்றாள். அதற்கு மறுநாளும் அதே.

போன வாரம் நர்ஸ் புதிதாக ஒரு மருந்துத் தூளைக் கொண்டுவந்து புண்ணில் தூவினார். இரண்டு நாள் கழித்துக் கட்டைப் பிரித்துவிட்டு, "அட, நல்லா காஞ்சிருக்கே" என்றார் முகக்கவசத்துக்குள்ளிருந்து. அக்கா உடனே தங்கையைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு. நர்ஸிடம் கேட்கலாம் என்றால் அவர் அக்கா எதிரிலேயே இருந்தார். படியிறங்கிப் போய்க் கேட்கவும் கால் வரவில்லை. எண்ணெய்க்காரி போய், வாடை வருகிறதா என்று நர்ஸைக் கேட்பதா? கேட்ட மாத்திரத்தில் விஷயம் வீட்டுக்குத் தெரிந்துவிடும். அந்த மூக்கும் பொய் என்று ஆகிவிட்டால் அக்கா எதைப் பிடித்துக்கொள்வாள்?

"லேசா இருக்குக்கா" என்றாள், அன்றைக்கும்.

அக்கா தலையாட்டினாள். அந்த வாரம் முழுவதும் அப்படியே தலையாட்டினாள்.

இந்த வாரம் அக்கா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். நீவிவிடும்போது கால் எலும்பும் தோலுமாகக் கையில் வழுக்கியது. பேச்சின் நடுவில் தூங்கிப்போனாள். நர்ஸ் மாமாவைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். மாமா திரும்பி வந்து சமையலறையில் சும்மா நின்றார்.

"எத்தனை நாளாம்?" என்று கேட்டாள்.

"நாளுன்னு சொல்லல. பாக்கணும்னு நினைக்கிறவங்க பாத்துடட்டும்னு சொன்னாங்க."

குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மாமா அதை இறுக்கி மூடினார். மூடிய பிறகும் சொட்டியது.

"மாமா, ஒண்ணு கேக்குறேன். எனக்காகச் சொல்லாதீங்க, அக்காவுக்காகவும் சொல்லாதீங்க. உள்ள வாடை இருக்கா?"

மாமா அவளை விநோதமாகப் பார்த்தார். "என்னைக் கேக்குறியே. உனக்குத் தெரியாததா?"

"சும்மா, இன்னொரு மூக்கு வேணும்னுதான்."

"இல்லம்மா" என்றார் மாமா. "சுத்தமா இல்ல. நேத்தே இல்ல. நீ போடுற எண்ணெய் வாசனைதான் வருது."

அவர் அதைத் தவிர வேறு எதையும் சொன்னதே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு மாதமாக அவர் வாயில் வருவது அந்த ஒரு பதில்தான். இருந்தும், அந்த நேரத்தில் அவளுக்கு அது வேண்டியிருந்தது. பசித்தவள் கல்லைப் பார்க்காமல் சோற்றை விழுங்குவது போல அதை அப்படியே விழுங்கினாள்.

அறைக்குள் போனபோது அக்கா விழித்திருந்தாள்.

"இன்னைக்கு எப்படி?"

"இன்னும் பாக்கலக்கா. மொதல்ல எல்லாம் மாத்திடலாம்."

விரிப்பை மாற்றினார்கள். மாமா கட்டை மாற்றினார். கரித்தூள் பஞ்சை இரட்டையாக வைத்தார். அவள் அக்காவின் முகத்தையும் கழுத்தையும் வெந்நீரில் துடைத்து, தலைவாரிப் பின்னலிட்டாள். பின்னுவதற்கு அதிகம் இல்லை. ஜன்னலை முழுக்கத் திறந்தாள். மூலையிலிருந்த கிண்ணத்தில் எலுமிச்சை எண்ணெயை எண்ணிச் சொட்டுவிட்டாள். போதுமா, கூடிவிட்டதா என்று கைக்குத் தெரியவில்லை. இன்னும் இரண்டு சொட்டு விட்டாள்.

"இருந்தா இருக்குன்னு சொல்லிடு" என்றாள் அக்கா. "எனக்கு ஒண்ணும் ஆகாது. இத்தனை நாள் பொறுத்தாச்சு. ஆனா இல்லாம இருந்தா, எனக்கு அவளை ஒரு தடவை மடியில போட்டுக்கணும். மடின்னு ஒண்ணு இல்ல, பக்கத்துல. அவ தலையை."

அவள் கண்ணை மூடினாள். மூச்சை இழுத்தாள். ஜன்னல் வழியாக வந்த காற்று மூக்கின் உள்தோலில் குளிர்ச்சியாகப் பட்டது. அந்தக் குளிர்ச்சி ஒன்றுதான் அவளுக்குக் கிடைத்தது.

"இல்லக்கா."

"நெஜமா?"

"இல்லக்கா. சுத்தமா இல்ல."

அக்காவின் முகம் கோணியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி கையால் மூடிக்கொண்டாள். பிறகு கையை எடுத்துவிட்டு, "குட்டி" என்று கூப்பிட்டாள். குரல் கதவுவரை போகவில்லை. மாமா போய்க் கதவைத் திறந்தார்.

குட்டி கதவுக்கு வெளியேதான் உட்கார்ந்திருந்தாள். திறந்ததை நம்பாமல் அப்பாவைப் பார்த்தாள். எழுந்தாள். ஓடி வந்தாள்.

அறையின் பாதியில் அவள் கால் நின்றது. தானாக நின்ற கால் அது, அவள் நிறுத்தியதல்ல. முகத்தில் ஏதோ ஓடியது. அதைச் சட்டென்று துடைத்துப் போட்டுவிட்டு மெதுவாக நடந்து வந்து கட்டிலில் ஏறினாள். அம்மாவின் தோளருகே தலையை வைத்தாள். அக்கா அந்தத் தலையில் கையையும் கன்னத்தையும் வைத்துக் கண்ணை மூடினாள். மாமா சுவரைப் பார்த்து நின்றார்.

"பல்லு விழுந்துடுச்சா?" என்றாள் அக்கா.

குட்டி தலையை ஆட்டினாள்.

"எங்க, காட்டு. ஏன் பேச மாட்டேங்குற? கதவுக்கு வெளியே அவ்வளவு வாய் பேசுவ."

குட்டி வாயைத் திறந்துகாட்டினாள். மூடவில்லை. திறந்த வாயால் நாய்க்குட்டி மாதிரி சின்னச் சின்னதாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது.

"ஏம்மா வாயால மூச்சு விடுற?"

"சளிம்மா."

"எப்பலேர்ந்து?"

"இப்பதான்."

அக்கா அவள் தலையிலிருந்து கையை எடுத்தாள். எடுத்ததுதான் தாமதம், குட்டியின் வயிறு குலுங்கியது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கு வழியாகப் புது விரிப்பின் மேல் வந்துவிட்டது. "சாரிம்மா, சாரிம்மா, சோறுதாம்மா, சோறு ஒத்துக்கல" என்று அழுதுகொண்டே கட்டிலிலிருந்து இறங்கினாள். இறங்கியவள் பின்பக்கமாக நடந்தே கதவுவரை போனாள். அம்மாவுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. கதவைத் தாண்டியதும் ஓடும் சத்தம் கேட்டது.

"போங்க" என்றாள் அக்கா மாமாவிடம். "மூஞ்சியக் கழுவி விடுங்க. திட்டாதீங்க அவள."

மாமா போனார். தங்கை விரிப்பைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"அதை விடு" என்றாள் அக்கா. "இப்படி உக்காரு."

உட்கார்ந்தாள்.

"அவரு பொய் சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் அவரைக் கேக்கல. உன்னைக் கேட்டேன்."

"அக்கா..."

"சாகப்போறவளுக்கு ஒரு ஆசைன்னு பாவம் பாத்தியா? சொல்லு. கோபமில்ல. கோபப்படத் தெம்பும் இல்ல."

ஆமாம் என்று சொல்லிவிடலாம். பாசத்தால் சொன்ன ஒரு பொய் என்று அக்கா அதை மன்னித்துவிடுவாள். ஒரே ஒரு நாளைய பொய். தலையசைத்தால் போதும், எல்லாம் அந்த ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அவள் தலையசைக்கத்தான் போனாள்.

அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் ஒரு காகிதத்தின் கனம்கூட இல்லை.

"இன்னைக்கு ஒரு நாள்தானே? போன வாரம் நர்ஸ் காஞ்சிடுச்சுன்னு சொன்னப்போகூட லேசா இருக்குன்னு சொன்னியே. எனக்கு அவளைக் கூப்பிடணும் போல இருந்துச்சு. தினமும் இருந்துச்சு. நீ இருக்குன்னு சொன்னதாலதான் வாயை மூடிக்கிட்டேன். அன்னைக்கெல்லாம் இருந்துச்சுதானே?"

பக்கத்து அறையில் மாமா குழாயைத் திறந்தார். குட்டி விக்கி விக்கி அழுவது தண்ணீர்ச் சத்தத்தோடு கலந்து கேட்டது. அக்கா பதிலுக்காகக் காத்திருந்தாள். கண்ணை மூடி மூச்சை இழுக்கும் தங்கையின் முகத்தை இத்தனை நாள் எப்படிப் பார்த்திருந்தாளோ அதே நம்பிக்கையோடு.

"தெரியாதுக்கா" என்றாள் அவள். "காய்ச்சல் வந்ததுலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் தெரியல. நல்லதும் தெரியல, கெட்டதும் தெரியல. இன்னைக்கு இல்லைன்னு சொன்னதும் தெரியாமத்தான். போன வாரமெல்லாம் இருக்குன்னு சொன்னதும் தெரியாமத்தான். அப்போ அவ வந்திருக்கலாம்க்கா."